ஆக்டேவியா ஆர்எஸ்: காயில்ஓவர் போடணுமா, நல்ல ஷாக் போதுமா?

வளைவு_230:
2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. நாலு ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) தளர்ந்துவிட்டது, எப்படியும் மாற்றியாகணும். நகர ஓட்டமும் ஈசிஆர் கடற்கரைச் சாலையும்தான் அதிகம், எப்பவாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். செலவோடு செலவா காயில்ஓவர் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வர்ற, உயரம் மாத்தக்கூடிய செட்) போட்டுடலாமா? பில்ஸ்டீன் பி14, கேடபிள்யூ வி3 ரெண்டும் பட்டியலில் இருக்கு.

நக்கிள்_நாயகன்:
டிராக் போறீங்கன்னா வி3 போடுங்க. ரீபவுண்டும் (ஷாக் நீளும்போது வர்ற தடை) கம்ப்ரெஷனும் (அழுந்தும்போது வர்ற தடை) தனித்தனியா திருகலாம், உயரமும் உங்க கையில். பி14-ல் உயரம் மட்டும்தான், டேம்பிங் (அந்தத் தடை) கம்பெனி வச்சதுதான். ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனின்னு வாங்கிக் கலக்கிறதைவிட, ஒண்ணுக்கொண்ணு பொருத்தி வடிவமைச்ச செட் எப்பவுமே மேல்.

ஸ்டாக்_சாமி:
கூடவே கூடாது. ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 1988-ல் தந்த விதிப்படி கட்டின வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம்ம தெருவில் இருக்கிறது அதுவா? முக்கால் மீட்டர் அகலத்தில் தாரைக் குவிச்சு வச்சிருக்கான். அங்கே உங்களுக்கு வேண்டியது பயண தூரம், அதாவது சக்கரம் மேலே போக மிச்சமிருக்கிற இடம். 35 மி.மீ. இறக்கினா அந்த 35-உம் போச்சு. பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுசா அழுந்தும்போது முட்டுற ரப்பர்) உட்கார்ந்தே ஓடுற காருக்கு ஸ்ப்ரிங் எதுக்கு, டேம்பிங் எதுக்கு?

ஆர்எஸ் ஏற்கெனவே சாதா ஆக்டேவியாவைவிடத் தாழ்வு. பில்ஸ்டீனில் பி6 சாதா உயரத்துக்கு, பி8 தாழ்ந்த ஸ்ப்ரிங்குக்காகக் குட்டையாக்கினது. உங்க ஸ்ப்ரிங்குக்கு எது சரின்னு பார்ட் நம்பரை வச்சுக் கேட்டு வாங்கிப் போடுங்க. கம்பெனி ஸ்ப்ரிங் அப்படியே இருக்கட்டும்.

நக்கிள்_நாயகன்:
காயில்ஓவர்னா இறக்கித்தான் ஆகணும்னு யார் சொன்னது? அனுமதிச்ச அளவின் மேல் நுனியில் வச்சா ஆர்எஸ் உயரத்திலிருந்து பெரிசா இறங்காது. பயணம் குறையுதுன்னு பயந்தா, கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரம் மாத்துற வகை இருக்கு, பிசி ரேசிங் மாதிரி. அதில் உயரத்தை மாத்தினாலும் ஷாக்கோட ஸ்ட்ரோக் (அது நீண்டு சுருங்குற தூரம்) மாறாது.

ஹெர்ட்ஸ்:
ஸ்ட்ரோக் மாறாது, சரி. ஆனா டயர் ஃபெண்டர் லைனரில் இடிக்கும், டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறும், அதையும் சொல்லுங்க. உயரம்னு மட்டும் பேசாம ஸ்ப்ரிங்கின் கடினத்தையும் பாருங்க.

தோராயக் கணக்கு: முன் மூலை ஒண்ணுக்கு ஸ்ப்ரிங் தாங்குற எடை 400 கிலோன்னு வச்சுக்குங்க. முன்பக்க மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்கிற அமைப்பு) மோஷன் ரேஷியோ, அதாவது சக்கரம் நகர்ற தூரத்துக்கு ஸ்ப்ரிங் எவ்வளவு நகருதுங்கிற விகிதம், ஏறக்குறைய 0.95. அதை இரண்டாம் அடுக்காக்கிப் பெருக்கணும். மி.மீ.க்கு 30 நியூட்டன் ஸ்ப்ரிங் சக்கரத்தில் 27 ஆகும், கார் மேலும் கீழும் ஆடுற அதிர்வெண் 1.3 ஹெர்ட்ஸ். மி.மீ.க்கு 6 கிலோ ஸ்ப்ரிங், அதாவது சுமார் 60 நியூட்டன் போட்டா சக்கரத்தில் 54, அதிர்வெண் 1.85. 1.3-ல் உடம்புக்குச் சுகம். 1.85-ல் ஈசிஆரின் ஒட்டுப்போட்ட தார் ஒவ்வொண்ணும் முதுகெலும்புக்குச் சேதி அனுப்பும். டிராக்கில் அதே 1.85 நல்லா இருக்கும்.

பின்பக்கம் வேற கதை. ஸ்ப்ரிங் ஷாக்கோட சேராம லோயர் ஆர்ம்மில் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கை) உள்தள்ளி உட்கார்ந்திருக்கு, ரேஷியோ குறைவு. அதனால் பின் அட்ஜஸ்டரை 10 மி.மீ. திருகினா சக்கரத்துக்கு மேல் இடைவெளி 10-ஐவிட அதிகமா மாறும். பின்பக்க ஸ்ப்ரிங் எண் பெரிசா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், காரணம் இதுதான்.

இன்னொண்ணு. லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல் நோக்கிச் சாய்ஞ்சதும் முன் ரோல் சென்டர் (வளைவில் கார் எதைச் சுற்றிச் சாயுதோ அந்தப் புள்ளி), காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக் கீழே போகும். வளைவில் சாய்வைத் தூண்டுற நெம்புகோல் நீளும். ஸ்ப்ரிங்கைக் கடினமாக்கி வாங்கின லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரையும். கேம்பர் கெய்னும் (சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்நோக்கிச் சாயுற குணம்) போகும். 40 மி.மீ. இறக்கிட்டு "நல்லாத் திரும்புது"ன்னு சொல்றவங்க கார் பெரும்பாலும் ஸ்ப்ரிங்கால திரும்புது, தாழ்வால இல்ல.

வளைவு_230:
சரி, எதைப் போட்டாலும் பொருத்துறதில் என்ன கவனிக்கணும்? கராஜ்காரர் அரை நாள் வேலைங்கிறார்.

டார்க்_ரெஞ்ச்:
அவசரப்படாம செய்தா ஒரு முழு நாள். வாங்குறதுக்கு முன்னாடி ஸ்ட்ரட்டின் விட்டத்தை வெர்னியரில் அளங்க. இந்த எம்கியூபி தளத்தில் (ஃபோக்ஸ்வாகன் குழும கார்களின் பொது அடித்தளம்) 50 மி.மீ., 55 மி.மீ. ரெண்டும் உண்டு. மாத்தி வந்தா நக்கிளில் (சக்கரத்தைத் தாங்குற வார்ப்பு) ஒண்ணு நுழையாது, இல்லேன்னா ஆடும். பின் சஸ்பென்ஷன் ரெண்டு வகை, டார்ஷன் பீமுக்கான செட்டும் மல்டிலிங்க்குக்கான செட்டும் வேற வேற, ஆர்எஸ் மல்டிலிங்க். டிசிசி (எலக்ட்ரானிக் டேம்பிங்) உள்ள கார்னா அதுக்கான கேன்சலேஷன் கிட்டும் வேணும், இல்லேன்னா டேஷில் விளக்கு எரியும்.

முன்பக்கம்: வைப்பர் ஆர்ம்களையும் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தாத்தான் மேல் போல்ட் எட்டும். லிங்க் ராட், ஏபிஎஸ் ஒயர் பிராக்கெட் கழற்றி, பால் ஜாயின்ட்டை லோயர் ஆர்ம்மிலிருந்து விடுவிச்சு, நக்கிளின் பிளவில் அதை விரிக்கிற ஸ்ப்ரெடரைச் செருகி 90 டிகிரி திருப்பணும். அது இல்லாம சுத்தியலால் அடிச்சு இறக்குறவங்ககிட்ட காரை விடாதீங்க, நக்கிள் சேதமாகும். பழைய ஸ்ப்ரிங்கைக் கம்ப்ரெசர் இல்லாம அவிழ்க்கவே கூடாது.

மேல் நட்டுக்கு ஏர் கன் வேண்டவே வேண்டாம். ராடும் சேர்ந்து சுத்தி உள்ளே சீல் போகும். ராடை பிளையரால் பிடிச்சாலும் கீறல் விழுந்து கொஞ்ச நாளில் எண்ணெய் கசியும். பேரிங்கும் டாப் மவுன்ட்டும் புதுசாப் போடுங்க, திரும்பும்போது வர்ற "டங்" சத்தத்துக்குப் பாதிக் காரணம் பழைய பேரிங். நக்கிளை இறுக்குற கிளாம்ப் போல்ட்டை ஒரு தடவைதான் பயன்படுத்தணும், முறுக்கும் கோணமும் மேனுவலில் உள்ளபடி.

பின்பக்கம்தான் கராஜ்கள் சொதப்புற இடம். ஆர்ம் புஷ் எல்லாம் ரப்பரை இரும்போடு ஒட்டினது. லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கினா, காரை இறக்கினதும் ரப்பர் முறுக்கினபடியே வேலை செய்யும், சில மாசத்தில் கிழியும். லூசா மாட்டி, ஜாக்கியால் ஆர்ம்மைக் கார் நிற்கிற உயரத்துக்குத் தூக்கி, அப்புறம் முறுக்குங்க. சக்கர போல்ட்டுக்கு முறுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

அலைன்மென்ட் ஒரு தடவை போதாது. ஸ்ப்ரிங் உட்கார 200–300 கி.மீ. ஓட்டிட்டு உயரம் அளந்து, அப்புறம் இறுதி அலைன்மென்ட். டயரைக் கேம்பரைவிட (சக்கரத்தின் பக்கச் சாய்வு) வேகமாத் தின்னுறது டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கிற கோணம்). பின் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி கிட்ட இருக்கட்டும். இறக்கினதும் தானா அதிகமாகும், எக்சென்ட்ரிக் போல்ட்டில் திரும்பக் குறைக்கலாம். ஹெட்லைட் லெவல் சென்சர் இருந்தா அதுக்கும் பேசிக் செட்டிங் செய்யணும், இல்லேன்னா எதிரே வர்றவன் கண்ணில் அடிக்கும்.

ஸ்டாக்_சாமி:
பாருங்க, இவ்வளவு நீளப் பட்டியல். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து திரெட்டில் ஒட்டினா ஒரு வருஷத்துக்கப்புறம் அந்த உயரத் திருகு அசையாது. அசையாத திருகுக்கு எதுக்குக் காசு?

நக்கிள்_நாயகன்:
அதுக்குத்தான் கேடபிள்யூ ஸ்டெயின்லெஸ்ல போடுறான். மழைக்காலம் முடிஞ்சதும் திரெட்டைப் பிரஷ் பண்ணிக் கழுவினா போதும். டேம்பிங் திருகும்போது ஒண்ணு: முழுசா மூடி, அங்கிருந்து திறந்து எண்ணுங்க. ரீபவுண்டை இறுக்கிட்டே போகாதீங்க. அடுத்தடுத்து வர்ற மேட்டுக்கு நடுவில் ஷாக் திரும்ப நீள நேரமில்லாம கார் படிப்படியா உள்ளே இறங்கிடும். சாமி சொல்ற பயணக் குறைவு அப்பத்தான் நிஜமா வரும்.

ஆர்சி_புக்:
சட்டம் பற்றி ஒரு வரி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறுற மாற்றங்களைத் தடுக்குது. ஜெர்மன் டியூவி (அங்கத்திய வாகனச் சோதனை அமைப்பு) சான்று பெட்டியில் இருக்கேன்னு காட்டினா இங்கே செல்லாது. காப்பீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே எழுத்தில் கேளுங்க.

வளைவு_230:
உயரம் சரியா இருக்கான்னு ஓட்டிப் பார்த்துத்தான் தெரியுமா?

ஹெர்ட்ஸ்:
வேண்டாம், அளந்துடலாம். ஷாக் ராடில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை மாட்டி கீழே தள்ளி வச்சு, வழக்கமான பாதையில் நாலு பேரோட ஒரு சுற்று போங்க. டை பம்ப் ஸ்டாப் அழுந்துற இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தா 10 மி.மீ. உயர்த்தித் திரும்பப் பாருங்க. பில்ஸ்டீனின் பல முன் ஸ்ட்ரட்கள் தலைகீழ் வகை, ராடு வெளியே தெரியாது. அதில் பம்ப் ஸ்டாப்பின் தேய்மானத்தைக் கழற்றித்தான் பார்க்கணும்.

ஸ்டாக்_சாமி:
வேகத்தடைக்கு ஒரு தடவை, டிராக்குக்கு ஒரு தடவை, தனித்தனியா அளங்க. ரெண்டுக்கும் ஒரே உயரம் ஒத்து வந்தா வி3-க்கு நானே ஓட்டுப் போடுறேன்.