பழைய வண்டியைப் பிரிச்சுக் கூட்டும்போது கண்ணுல மாட்டாம ஏமாத்தின இடம் எது? பகிருங்க

கிக்கர்

ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், ஒத்தை சிலிண்டர், 50 எம்எம் போர் (சிலிண்டர் துளையோட அகலம்). 0.50 ஓவர்சைஸுக்குப் போர் பண்ணி, போர்ட் விளிம்பெல்லாம் மழுக்கி, ரிங் வாய் இடைவெளி 0.25-ல வெச்சாச்சு. கிராங்க் தண்டோட ரெண்டு முனையிலயும் காத்து போகாம அடைக்கிற ஆயில் சீல் ரெண்டும் புதுசு. முதல் கிக்குலேயே ஸ்டார்ட். ஆனா ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டா ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது. மூணு நாலு செகண்டு மேலேயே தொங்கி நின்னுட்டு, அப்புறம் மெல்ல இறங்குது.

அந்தத் தொங்கல் சத்தத்தைக் கேட்டா எல்லாரும் கை வைக்கிறது கார்புரேட்டர்லதான். ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுத்துல இருந்து முக்கால் சுத்துக்கு உள்ளே கொண்டுவந்தா குறையுது. பைலட் ஜெட்டை (ஐடில்லயும் குறைஞ்ச ஆக்சிலேட்டர்லயும் பெட்ரோல் விடுற துளை) ஒரு சைஸ் ஏத்தினா இன்னும் குறையுது. சரியாயிடுச்சுன்னு தோணும். ஆகல. எங்கேயோ காத்து உள்ளே போகுது, அதைப் பெட்ரோல் ஊத்தி மறைச்சிருக்கோம், அவ்வளவுதான். முழு ஆக்சிலேட்டர்ல ஓடும்போது பைலட் ஜெட் வந்து காப்பாத்தாது.

அப்படியே ஓட்டி, பிஸ்டன் சிலிண்டர்ல சிக்கிப் பிடிச்சதும் கழட்டினா, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல். அலுமினியம் இழுபட்டு ரிங் பள்ளத்தையே மூடியிருந்தது. பிஸ்டனைச் சுத்தி நாலு இடத்துலயும் கீறியிருந்தா போர் இறுக்கம், இல்லேன்னா சூடேறும் முன்னாடியே முறுக்கினதுன்னு சொல்லலாம். இன்டேக் பக்கம்னா ஆயில் பத்தல. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்னா கலவை வறண்டு சூடு தாங்கல.

கிராங்க் தண்டு முனையில சுத்துற மேக்னெட்டைக் கழட்டினப்போதான் தெரிஞ்சுது. கிராங்க் தண்டுல பழைய சீல் உதடு தேய்ச்ச வளையம் ஒண்ணு. நகத்தை வெச்சு இழுத்தா தட்டுது. புது சீலும் அதே பள்ளத்துலதான் உட்கார்ந்திருக்கு. சீல் உட்காருற கூட்டுல இடம் இருந்தா சீலை 1 எம்எம் வெளியே தள்ளி நிறுத்தினா, உதடு தேயாத இடத்துல உட்காரும். இடம் இல்லேன்னா தண்டுக்கு மெல்லிசா ஒரு ஸ்லீவ் போட்டுத்தான் ஆகணும்.

உறுத்துறது என்னன்னா, இது பிரஷர் டெஸ்ட் (வாயெல்லாம் அடைச்சு, உள்ளே காத்து ஏத்திக் கசிவு பார்க்கிறது) பண்ணின இன்ஜின். 6 பிஎஸ்ஐ ஏத்தி ஆறு நிமிஷம் பார்த்தும் முள் அசையல.

ஃபீலர் கேஜ்

கிக்கர் அண்ணே, முள் அசையாததுல ஆச்சரியமே இல்லை. நீங்க பாதி டெஸ்ட்தான் பண்ணியிருக்கீங்க. கிராங்க் சீலோட உதடு கிராங்க் அறையைப் பார்த்து இருக்கும். உள்ளே இருந்து காத்து அடிச்சா உதடு தண்டு மேல இன்னும் இறுக்கமா அமுங்கும், பள்ளமே இருந்தாலும் அடைச்சுக்கும். ஓடுற இன்ஜின்ல பிஸ்டன் மேலே ஏறும்போது அறைக்குள்ளே வெற்றிடம். அப்ப உதடு தூக்கும், காத்து உள்ளே வரும். அதனால அடிச்சும் பார்க்கணும், இழுத்தும் பார்க்கணும்.

கேட்காட்டியும் முழுசா எழுதிடறேன், இதைத் தப்பா பண்றவங்க நிறைய. சைலன்சரைக் கழட்டிட்டு, சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் வெச்ச தகட்டால அடைங்க. பிஸ்டன் கீழே இருக்கட்டும், அப்பதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து சிலிண்டரும் கிராங்க் அறையும் ஒண்ணாகும். 6 பிஎஸ்ஐ போதும். 10-ஐத் தாண்டினா சீலே வெளியே தள்ளிக்கும். ரீட் வால்வ் (உள்ளே மட்டும் காத்தை விடுற மெல்லிசுத் தகடு) வண்டின்னா காத்து அடிக்கிறது கார்புரேட்டரை இன்ஜினோட சேர்க்கிற ரப்பர் குழாயான மேனிஃபோல்டு வழியா, இழுக்கிறது பிளக் ஓட்டை வழியா. மாத்திப் பண்ணாதீங்க. பிளக் ஓட்டையில அடிச்சா ரீட் மூடிக்கும், மேனிஃபோல்டு கசிவு தெரியாது. மேனிஃபோல்டுல இழுத்தாலும் ரீட் மூடிக்கும், நீங்க சோதிக்கிறது அந்த ரப்பர் குழாயை மட்டும்தான்.

இழுக்கும்போது மெர்குரி கணக்குல 300 எம்எம். அது நிக்கும்போதே கிராங்கை மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்தி அதே இடத்துல நிறுத்தி மறுபடி பாருங்க. சில சீல் ஒரு கோணத்துல மட்டும்தான் கசியும்.

டேங்க்

நான் சொல்றது இன்ஜின் இல்ல. துரு எடுத்த பெட்ரோல் டேங்க். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட், வெந்நீர், ராத்திரி முழுக்க ஊறல். காலையில உள்ளே வெள்ளித் தகடு மாதிரி பளபளப்பு. சமையல் சோடா கரைசல் ஊத்திக் கழுவி, வெயில்ல கவிழ்த்து வெச்சா, அடித் தையல்ல ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம். அந்த ஓட்டையை இத்தனை வருஷம் அடைச்சு வெச்சிருந்ததே துருதான்.

அதனால பெயின்டுக்கு முன்னாடி ஆசிட். பின்னாடி இல்ல. உள்ளே குலுக்க நட்டு போடறீங்கன்னா எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க. கழுவினதும் உடனே உலர்த்தணும், சில நிமிஷத்துலயே ஆரஞ்சு நிறத்துல புதுத் துரு படரும். உலர்ந்த கையோட ரெண்டு ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே சுழட்டி விடுங்க. எபாக்சி லைனர் போடப் போறீங்கன்னா மட்டும் ஆயில் கூடாது, லைனர் உரிஞ்சு வந்து பெட்ரோல் டேப்பை அடைக்கும். ஓட்டைக்கு வெல்டிங் வேணாம். பெட்ரோல் வாசனை போயிட்டாலும் ஆவி தையலுக்குள்ளே இருக்கும். காலி டேங்க்தான் வெடிக்கும்.

பாயின்ட் செட்

பவுடர் கோட்டிங் முடிஞ்ச ஃபிரேம். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் லேசா எரியுது. ஃபிளாஷரை (இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற பாகம்) மாத்துன்னு எல்லாரும் சொல்வாங்க. ஃபிளாஷர்ல ஒண்ணும் இல்ல. கோட்டிங் கரண்டைக் கடத்தாது, போல்டுக்கு அடியிலயும் அதேதான். எர்த்து கிடைக்காத கரண்டு பக்கத்து பல்பு வழியா திரும்புது, அதான் மங்கலா எரியுது.

மீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு பல்பு ஹோல்டர் உடம்புல, லைட் எரியட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து சரியில்ல. கோட்டிங்கைச் சுரண்டறதை விட, ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த்து வயர் இழுத்து பேட்டரி நெகட்டிவ்ல சேர்க்கிறது நல்லது. அங்கிருந்து இன்ஜினுக்குத் தடியா ஒண்ணு.

பின்சக்கரம்

எல்லாரும் இன்ஜின், எலக்ட்ரிக்கல்னே எழுதறீங்க. உயிரை எடுக்கிறது வெட்டின ஃபிரேம். கஃபே ஸ்டைலுக்குப் பின்பக்கத்தை வெட்டி லூப் (வளைச்ச இரும்புக் குழாய்) வெல்டு பண்ணின ஒரு வண்டி. நிறுத்தி வெச்சுப் பார்த்தா டயருக்கும் லூப்புக்கும் நல்ல இடைவெளி. ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்துல இறங்கினா, டயர்ல கறுப்பா தேய்ஞ்ச பட்டை, அதுக்கு நேர் மேலே லூப்புல பெயின்ட் போய் பளிச்சுனு இரும்பு.

வெல்டு பண்றதுக்கு முன்னாடியே ஷாக் ரெண்டையும் கழட்டிடுங்க. ஷாக் முழுசா அமுங்கினா கண்ணுக்குக் கண் என்ன நீளமோ, அந்த நீளத்துக்கு ஓட்டை போட்ட பட்டை இரும்பை அதோட இடத்துல மாட்டுங்க. இப்ப சக்கரம் எவ்வளவு மேலே வருதுன்னு கண்ணால தெரியும். அங்கிருந்து குறைஞ்சது 25 எம்எம் விடுங்க. வேகத்துல டயர் உப்பும், செயினை இழுத்துக் கட்டக் கட்ட சக்கரம் பின்னாடி நகரும், ரெண்டுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியே செயினையும் பார்த்துடுங்க. முன் ஸ்ப்ராக்கெட் நடு, ஸ்விங் ஆர்ம் போல்டு, பின் ஆக்சில் மூணும் ஒரே கோட்டுல வர்ற இடத்துலதான் செயின் ரொம்ப இறுகும். ஷாக் நீளத்தை மாத்தின வண்டியில, சும்மா நிக்கும்போது 25 எம்எம் தளர்வு இருக்குன்னு நம்பிட முடியாது. அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து தளர்வு மிச்சம் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா அடி வாங்கறது கியர்பாக்ஸ் பேரிங். வெல்டிங் நேரத்துல பேட்டரியும் சிடிஐயும் (ஸ்பார்க்கைக் கொடுக்கிற எலக்ட்ரானிக் பெட்டி) வண்டியிலேயே இருக்கக் கூடாது.

சர்க்ளிப்

பிஸ்டன் பின் வெளியே நகராம பிடிக்கிற கம்பி வளையம்தான் சர்க்ளிப். அதோட வாய் மேலேயோ கீழேயோ பார்த்து இருக்கணும், பக்கவாட்டுல வெச்சா பிஸ்டன் ஏறி இறங்குற வேகத்துல சுருங்கித் தெறிக்கும். கழட்டின சர்க்ளிப்பை மறுபடி போடாதீங்க.

கிக்கர்

ஃபீலர் கேஜ் சொன்ன மாதிரி பிளக் ஓட்டை வழியா இழுத்தாச்சு. 300-ல நிக்கல, ஒரு நிமிஷத்துல 180. இழுக்கும்போது சோப்புத் தண்ணி குமிழ் விடாது, அதனால இடத்தைக் கண்டுபிடிக்க கிரீஸ். மேக்னெட் பக்கத்து சீலைச் சுத்தித் தடவி மறுபடி இழுத்தா, தண்டை ஒட்டி ஒரே இடத்துல கிரீஸ் உள்ளே வாங்கி, ஊசியால குத்தின மாதிரி ஒரு குழி.