விவாகரத்துக்கு முன்பா, பின்பா? வீட்டுப் பங்கை மாற்ற ஆலோசனை தேவை

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் எங்கள் ஃப்ளாட் என் பெயரிலும் கணவர் பெயரிலும் சரிபாதியாகப் பதிவாகியிருக்கிறது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டு, ஆறு மாத இடைவெளியில் இருக்கிறோம். அவர் தன் பங்கை விட்டுத்தரச் சம்மதித்துவிட்டார். பதிலுக்கு நான் ஒரு தொகை தருகிறேன், மீதி வீட்டுக்கடனும் என் பொறுப்பு.

குழப்பம் தேதியில்தான். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குள் விடுதலைப் பத்திரம் (ஒரு பங்குதாரர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுத்தரும் பத்திரம்) என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 10,000க்கு மேல் போகாது. 2023 ஜூலையில் உயர்த்திய தொகை இது. தீர்ப்பு வந்தபின் அவர் என் குடும்பம் இல்லையே! அப்போது உச்சவரம்பு கிடைக்காமல் வழிகாட்டி மதிப்பில் (அரசு நிர்ணயித்த சொத்து மதிப்பு) கணக்குப் போட்டால் லட்சங்களில் போய்விடும்.

பத்திர எழுத்தர், "இப்பவே முடிச்சிடுங்கம்மா" என்கிறார். வக்கீலோ, வீட்டைச் சமரசத்தில் சேர்த்துத் தீர்ப்பாகவே வாங்கலாம், பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் அப்படிப்பட்ட தீர்ப்பைப் பதிவு செய்வதிலிருந்து விலக்கு உண்டு என்கிறார்.

பணம் கொடுத்து வாங்கும் விடுதலைக்கும் அந்த 40,000 பொருந்துமா? தீர்ப்பை மட்டும் வைத்துப் பட்டா மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? கடனிலிருந்து அவர் பெயரை எடுக்க வங்கி முதலில் எதைக் கேட்கும்? பையனின் பள்ளி இங்கேதான், வீட்டை விட மனசில்லை. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.