பார்வைக்கு ஒன்றாக இருக்கும் தலைப்புகள் தேடலில் சிக்காதது ஏன்? (பைத்தான், போஸ்ட்கிரஸ், ஜாவாஸ்கிரிப்ட்)

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றி வருகிறேன். பழைய பட்டியல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை ஒரு மாற்றியின் வழியாக, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். புதிய நூல்களைத் தன்னார்வலர்கள் எக்செலில் தட்டச்சு செய்து தருகிறார்கள். பைத்தான் நிரல் ஒன்று இரண்டையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்புகளாகப் படித்துப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் சேர்க்கிறது.

‘கொடி’ என்று தேடினால் அச்சொல் உள்ள சில தலைப்புகள் வருகின்றன, சில வருவதில்லை. விடுபட்ட தலைப்பைத் திரையிலிருந்தே நகலெடுத்துத் தேடற்பெட்டியில் ஒட்டினால் மட்டும் அது கிடைத்துவிடுகிறது. எழுத்துப் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இத்துடன் வேறு இரண்டு சிக்கல்களும் உள்ளன. தலைப்பைச் சொற்களாகப் பிரிக்கும்போது ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைகிறது. நூல் அட்டையில் தலைப்பை இருபது எழுத்துக்குள் வெட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலோ, சில இடங்களில் ‘புத்தகம்’ என்பதைப் ‘புத்தகம’ என்று நிறுத்துகிறது. இம்மூன்றுக்கும் காரணம் ஒன்றுதானா?

மறுமொழி 1

நகலெடுத்து ஒட்டினால் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) உள்ளே வெவ்வேறு குறியெண்களால் ஆனவை. பைத்தானில் ‘ஆர்ட்’ என்ற உள்ளமைந்த ஃபங்ஷனைச் சரத்தின் ஒவ்வொரு குறியின் மீதும் ஓட்டிப் பாருங்கள். கிடைக்கும் ‘கொடி’ 2965, 3018, 2975, 3007 என நான்கு எண்களைத் தரும். கிடைக்காத ‘கொடி’ 2965, 3014, 3006, 2975, 3007 என ஐந்து எண்களைத் தரும் என்று நினைக்கிறேன்.

ஒகரக் குறிக்கு யூனிகோடில் 3018 என்ற தனி எண் உண்டு. அதையே எகரக் குறியான 3014, துணைக்காலான 3006 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. ஆனால் பைத்தானோ போஸ்ட்கிரஸின் வழக்கமான ஒப்பீடோ அந்தச் சமத்தைத் தானாகப் பார்ப்பதில்லை. ஸ்விஃப்ட் மொழி மட்டும் இதில் விதிவிலக்கு, அதன் சர ஒப்பீடு இவ்விரண்டையும் ஒன்றென்றே கொள்ளும். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள். உங்கள் மாற்றி கொம்பை ககரத்துக்குப் பின்னே நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டிருக்கும்.

யூனிகோட்டேட்டா தொகுதியிலுள்ள ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனுக்கு என்எஃப்சி என்ற வடிவத்தைக் கொடுத்தால் பிரிந்தவை சேர்ந்துவிடும். தரவு நுழையும் இடத்தில் மட்டும் அன்றி, பயனர் தட்டச்சு செய்யும் தேடற்சொல்லின் மீதும் இதைச் செய்ய வேண்டும். பலரும் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டுத் தரவுத்தளத்தைக் குறை சொல்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்ன எண்களே வந்தன, மிக்க நன்றி. ஏற்கெனவே உள்ள வரிசைகளைத் திருத்த முயன்றபோது ஒரே தலைப்பு இரு முறை வராமல் காக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு தடுத்துவிட்டது. மேலும், ‘கௌதமன்’, ‘ஔவையார்’ என்ற சொற்களுக்கு மட்டும் என்எஃப்சிக்குப் பிறகும் இதே சிக்கல் நீடிக்கிறது.

மறுமொழி 2

கட்டுப்பாடு தடுத்தது நல்லதுதான். ஒரே நூல் இரண்டு வடிவங்களில் இரு முறை பதிவாகியிருக்கிறது என்று அதற்குப் பொருள். போஸ்ட்கிரஸ் 13ஆம் பதிப்பிலிருந்து ‘நார்மலைஸ்’ என்ற ஃபங்ஷன் தரவுத்தளக் கட்டளைமொழியான எஸ்கியூஎல்லிலேயே உண்டு, தரவுத்தளம் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருந்தால் போதும். அதைத் தலைப்பின் மீது இட்டு, ஒரே விடை வரும் வரிசைகளை ‘குரூப் பை’ மூலம் தொகுத்து, ஒன்றுக்கு மேல் எண்ணிக்கை உள்ளவற்றை முதலில் பட்டியலிடுங்கள். எந்த வரிசையை வைத்துக்கொள்வது என்று ஒருவர் பார்த்து முடிவு செய்த பிறகே ‘அப்டேட்’ கட்டளையை ஓட்ட வேண்டும். பின்னர், ‘இஸ் நார்மலைஸ்ட்’ என்ற நிபந்தனையை ‘செக்’ கட்டுப்பாடாகத் தலைப்புப் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) வைத்துவிட்டால், நாளை வேறொருவர் எழுதும் நிரலும் பிரிந்த வடிவத்தை உள்ளே நுழைக்க முடியாது.

மறுமொழி 3

ஔகாரம் வேறு வகையான நோய், என்எஃப்சி அதைத் தொடவே தொடாது. ஔகாரக் குறியின் சரியான எண் 3020. பிரித்து எழுதினால் 3014, 3031. ஆனால் தட்டச்சு செய்பவர்கள் 3031க்குப் பதிலாக ளகர எழுத்தையே, அதாவது 2995ஐ அழுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் ‘கெள’, ‘கௌ’ இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. யூனிகோடைப் பொறுத்தவரை இவை வெவ்வேறு எழுத்துகள். எனவே எந்த நிரல் நூலகமும் (லைப்ரரி) இவற்றை உங்களுக்காக ஒன்றாக்கித் தராது.

கண்டுபிடிக்க ஒரு விதி உண்டு. எகரக் குறிக்கோ ‘ஒ’வுக்கோ அடுத்து ளகரம் வந்து, அந்த ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ, அதாவது 3006 முதல் 3021 வரையிலான குறி எதுவும், இல்லாதிருந்தால் அது ஐயத்துக்குரியது. தெளிவு, வெள்ளம், ஒளி, கெளுத்தி ஆகியவற்றில் ளகரத்தைத் தொடர்ந்து குறி வருவதால் அவை வலையில் விழா. கெளதமன், மெளனம், பெளர்ணமி, ஒளவையார் ஆகியவை விழும். இருப்பினும் தானாக மாற்றிவிடாதீர்கள். பட்டியலை அச்சிட்டு ஒருவர் கண்ணோட்டம் விட்டபின் மாற்றுவதே என் பரிந்துரை.

‘ஸ்ரீ’யையும் பார்த்துவிடுங்கள். அதன் முதலெழுத்து சிலரிடம் 3000, சிலரிடம் 2998. இணையத்திலிருந்து ஒட்டிய தலைப்புகளில் 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத குறியும் ஒளிந்திருக்கும். இவற்றைத் தலைப்பிலேயே அழிக்காமல், தேடலுக்கென்று தனிப் பத்தி ஒன்றை உண்டாக்கி அதில் மட்டும் சமப்படுத்துங்கள். நூலின் பெயர் அச்சிட்டபடியே இருக்கட்டும்.

மறுமொழி 4

எஞ்சிய இரண்டுக்கும் காரணம் வேறு: நிரல்மொழி ‘எழுத்து’ என்று எதைக் கருதுகிறது என்பதே அங்கே கேள்வி. உரையில் வடிவங்களைத் தேடும் பைத்தானின் ‘ஆர்ஈ’ தொகுதியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் சாய்கோட்டு ‘டபிள்யூ’, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ஆகவே ‘தமிழ்’ இகரக் குறியில் அறுபடுகிறது. உங்கள் தேவைக்கு வெற்றிடத்தில் பிரித்து, ஓரங்களிலுள்ள நிறுத்தக்குறிகளை நீக்கினாலே போதும். ஜாவாஸ்கிரிப்டில் இந்தச் சாய்கோட்டு ‘டபிள்யூ’ ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடும் என்பதால் நிலைமை இன்னும் மோசம்; அங்கே யூனிகோட் ‘ஃபிளாக்’ என்ற அமைப்பை இட்டு, எழுத்து, குறி ஆகிய இரு பண்புகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை, என்எஃப்சி வடிவிலுள்ள ‘கொடி’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, பைத்தானின் ‘லென்’னுக்கும் ஜாவாஸ்கிரிப்டின் ‘லெங்த்’துக்கும் நான்கு. பைட்டுகளை எண்ணும் கோ மொழியின் ‘லென்’னுக்கும் பிஎச்பியின் ‘எஸ்டிஆர்லென்’னுக்கும் அது பன்னிரண்டு. உலாவியில் ‘இன்டெல்.செக்மென்டர்’ என்பதைத் தமிழுக்கும் ‘கிராஃபீம்’ (எழுத்தும் அதன் குறிகளும் சேர்ந்த அலகு) அளவுக்கும் அமைத்து, முதல் இருபது துண்டுகளைச் சேர்த்துக்கொண்டால் புள்ளி அறுபடாது. ஃபயர்பாக்ஸிலும் இது 2024இல் வந்துவிட்டது. ‘க்ஷ’வை மட்டும் இரண்டு துண்டாக எண்ணும், நூல் அட்டைக்கு அது பொருட்டல்ல.

அகரவரிசையில் பட்டியலிடுவதாக இருந்தால் அதிலும் கவனம் தேவை. வெறும் குறியெண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வந்துவிடும். ‘ஆர்டர் பை’யில் தமிழுக்கான ஐசியூ கொலேஷனை (அகரவரிசை விதியை) குறிப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

தேடல், வெட்டுதல் இரண்டும் சரியாகிவிட்டன. ளகரப் பட்டியலை எங்கள் நூலகர் அம்மா பென்சிலும் கையுமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று: எக்செலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்த கோப்பைப் படிக்கும்போது முதல் பத்தியின் பெயரை மட்டும் பைத்தான் ‘கீஎரர்’ (அப்படி ஒரு பெயர் இல்லை) என்று மறுக்கிறது. தலைப்பு வரியில் பெயர் சரியாகவே உள்ளது.

மறுமொழி 1

எக்செல் கோப்பின் தொடக்கத்தில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை வைக்கிறது. அது முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள். எக்செலுக்குத் திருப்பி எழுதும்போதும் அதையே கொடுங்கள், இல்லையெனில் இரட்டைச் சொடுக்கில் திறப்பவர்களுக்குத் தமிழ் சிதைந்து தெரியக்கூடும்.