கிராமத்துக்குள் வரும் கரடி: பிடித்துக் கொண்டுபோகச் சொல்வதா, வரவிடாமல் செய்வதா?

ஓடைக்கரை எழுதியது:

காட்டை ஒட்டிய கடைசி வீடு எங்களுடையது. சென்ற வாரம் ஒரே இரவில் 11 தேனீப் பெட்டிகளில் நான்கைக் கரடி உடைத்துவிட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இரண்டு பெட்டிகள் நின்ற இடத்திலிருந்து இருபதடி தள்ளிப் புல்லில் கவிழ்ந்து கிடந்தன. தேன் நிறைந்த சட்டங்களில் பாதி அப்படியே இருக்க, தேனீப் புழு இருந்த அடைகள் மட்டும் மரச்சட்டம் தெரியும்வரை வழித்து நக்கப்பட்டிருந்தன. கரடி தேனுக்காகத்தான் வருகிறது என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்; புழுவின் மேல் அதற்கு இவ்வளவு ஆசை உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஊரில் ஒரு மனு தயாராகிறது. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள காட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது அதன் கோரிக்கை. கரடியைக் கொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த மனுவில் கையெழுத்திடுவதே சரியென்று படுகிறது. வந்தது கருங்கரடி, தனியாக வந்தது, குட்டி இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதினால், கையெழுத்திடும் முன் படித்துப் பார்ப்பேன்.

கான்மணி எழுதியது:

ஓடைக்கரை அவர்களே, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. நானும் பெட்டிகளை இழந்தவன்தான். ஆனாலும் கையெழுத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். பிடித்துக் கொண்டுபோய் விடுவது இரக்கமான வழியைப்போலத் தோன்றினாலும், நடைமுறையில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. வட அமெரிக்கக் கருங்கரடிகளைப் பற்றி 1986இல் வெளியான ஓர் ஆய்வில், 64 கிலோமீட்டருக்குள் கொண்டுபோய் விடப்பட்ட வளர்ந்த கரடிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பழைய இடத்துக்கே திரும்பின. 220 கிலோமீட்டருக்கு அப்பால் விடப்பட்டவற்றிலும் ஐந்தில் ஒன்று திரும்பியது. திரும்பாதவை நிம்மதியாக வாழ்கின்றன என்றும் கொள்ள முடியாது. வேறு கரடிகளின் எல்லைக்குள் விடப்பட்ட விலங்கு, தான் பழகிய உணவைத் தேடி வேறொரு ஊரின் ஓரத்துக்கே போய்ச் சேர்கிறது. உங்கள் தொல்லை முகவரி மாறிப் போகிறது, அவ்வளவுதான்.

உங்கள் கரடி வராமலே போனாலும் மீதமுள்ள ஏழு பெட்டிகளின் மணம் போய்விடாது. இலையுதிர் காலத்தில், குளிர்கால உறக்கத்துக்கு முன், ஒரு கருங்கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னக்கூடும். காட்டில் பழமும் கொட்டையும் பொய்த்த ஆண்டில் அந்தப் பசி எங்கே திரும்பும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கரடி போன இடத்துக்கு இன்னொன்று வரும்.

செய்யவேண்டியது மின்வேலி. கரடியின் ரோமம் அடர்த்தியானது, அதன் வழியாக மின்னதிர்ச்சி சரியாக ஏறாது. ஆகவே மூக்கும் நாக்கும் கம்பியைத் தொடும்படி, முதல் கம்பி தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கவேண்டும். துடிப்பு துடிப்பாக மின்சாரம் விடும் கருவியையே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சுவது வேலி ஆகாது, அது கொலைப்பொறி. கரடியை மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பிள்ளையையும் அது கொல்லும்.

நேர்வழி எழுதியது:

கான்மணி அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன்: இடம் மாற்றுவது பயனற்றது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. பிடித்து விட்ட கரடி திரும்பி வரும் என்றால், ஊருக்குள் வந்து பழகிய கரடியைச் சுட்டுவிடவேண்டும் என்பதே நேர்மையான முடிவு. மனிதரிடம் பயம் விட்டுப்போன விலங்குக்கு வேலி ஒரு தாமதம் மட்டுமே.

இத்தாலியின் திரெந்தீனோ பகுதியை எண்ணிப் பாருங்கள். அங்கே கரடிகள் அற்றுப்போகும் நிலையில் இருந்தபோது, 1999 முதல் சில ஆண்டுகளில் சுலோவேனியாவிலிருந்து 10 கரடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை ஏறத்தாழ நூறாகப் பெருகிவிட்டன. ஜேஜே4 என்று பெயரிடப்பட்ட பெண்கரடி 2020இல் ஒரு தந்தையையும் மகனையும் தாக்கியது. அதைக் கொல்ல மாகாண நிர்வாகம் பிறப்பித்த ஆணையை நீதிமன்றம் தடுத்தது. 2023 ஏப்ரலில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த 26 வயது இளைஞரை அதே கரடி கொன்றது. கரடியின் உயிரைக் காக்க வழக்கு நடத்தியவர்கள் எவரும் அந்தப் பாதையில் தினமும் நடக்கவேண்டியவர்கள் அல்லர். கூடிவாழ்தல் என்ற சொல் கரடியில்லாத இடத்தில்தான் மிக இனிமையாக ஒலிக்கிறது.

கான்மணி எழுதியது:

நேர்வழி அவர்களே, ஜேஜே4 பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மனிதரைத் தாக்கிய கரடியை 2020இலேயே அகற்றியிருக்கவேண்டும் என்பதே என் கருத்தும். தற்காப்புக்காகக் குட்டியுடன் நின்று தாக்கியதா, இல்லையா என்பதை ஆராய்ந்த பிறகு, அதுவும் விரைவாக. ஆனால் ஓடைக்கரை அவர்களின் கரடி செய்தது என்ன? ஆளில்லாத நேரத்தில், இரவில், வேலியில்லாத பெட்டிகளைத் திறந்தது. அந்தக் கரடிக்கும் இந்தக் கரடிக்கும் ஒரே தண்டனை என்றால், களவுக்கும் கொலைக்கும் ஒரே தீர்ப்பு என்றாகிவிடும்.

பயம் விட்டுப்போனது என்கிறீர்கள். மனிதரைக் கண்டு ஓடாமல் இருப்பது வேறு, மனிதரிடம் உணவு இருக்கிறது என்று கற்றுக்கொள்வது வேறு. இரண்டாவதுதான் ஆபத்து, அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் நாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் குப்பைமேட்டில் கரடிகள் தின்பதை வேடிக்கை பார்க்க மக்கள் கூடினார்கள், சாலையோரத்தில் கையாலேயே ஊட்டினார்கள். 1931 முதல் 1969 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடியால் காயமடைந்தார்கள். குப்பைமேடுகளை மூடி, உணவு கொடுப்பதை உறுதியாகத் தடுத்த பிறகு, இந்த நூற்றாண்டில் அது ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கரடிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

சுடுவதால் தொல்லை குறையும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1999இல் வசந்தகாலக் கரடி வேட்டை நிறுத்தப்பட்டதும், இனித் தொல்லை பெருகும் என்று பலர் எச்சரித்தார்கள். பின்னர் பல ஆண்டுத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், கரடித் தொல்லை ஏறி இறங்கியது காட்டு உணவின் விளைச்சலைப் பொறுத்தே தவிர, எத்தனை கரடி வேட்டையாடப்பட்டது என்பதைப் பொறுத்து அல்ல என்று 2014இல் எழுதினார்கள். (அதே ஆண்டில் வேட்டை மறுபடி தொடங்கப்பட்டது என்பது வேறு கதை. ஆய்வுக்கும் ஆணைக்கும் அவ்வளவு தூரம்.)

அந்திநேரம் எழுதியது:

இருவரும் கரடியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விடியும் முன் மாட்டுக்கொட்டகைக்கு நடக்கிறவள். வீட்டிலிருந்து கொட்டகைக்கு நானூறு அடி தூரம், நடுவில் ஒரு புதர். அந்தப் புதரைக் கடக்கும்போது உரக்கப் பேசிக்கொண்டே போகவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். தனக்குத்தானே பேசுகிறாள் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் கரடி திடுக்கிடுவதுதான் பெரிய ஆபத்து என்பது அனுபவத்தில் தெரிந்த பிறகு, எனக்கு அதில் வெட்கமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கருங்கரடிக்குச் சொல்லும் அறிவுரையை எல்லாக் கரடிக்கும் சொல்லாதீர்கள். உலகில் எட்டு வகைக் கரடிகள் உண்டு. கரையான் தின்னும் தேன்கரடி புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகியது. அருகில் ஆளைக் கண்டால் ஓடுவதைவிடப் பாய்வதையே அது முதலில் செய்யும். கருங்கரடி பெரும்பாலும் ஒதுங்கும், அல்லது மரம் ஏறும். 1900 முதல் 2009 வரையிலான 110 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டில் திரியும் கருங்கரடிகளால் இறந்தவர்கள் 63 பேர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தத் தாக்குதல்களில் மிகப் பெரும்பாலானவை, பசியோடு பின்தொடர்ந்து வந்த தனி ஆண்கரடிகள் செய்தவை. குட்டியோடு வந்த தாய்க்கரடிகள் அல்ல. தனியாக வந்த கரடி என்று ஓடைக்கரை அவர்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்ச்சாறு தெளிப்பான் கிடைக்கும் இடமாக இருந்தால் ஒன்றை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். அலாஸ்காவில் நடந்த நிகழ்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் அதைப் பயன்படுத்திய நிகழ்வுகளில் 92 விழுக்காட்டில் கரடி தன் செயலை நிறுத்தியது. பையின் அடியில் போட்டு வைத்தால் அது வெறும் டப்பா.

நேர்வழி எழுதியது:

அந்திநேரம் அவர்கள் எழுதியதை மதித்துப் படித்தேன். அவர் எழுதியதே என் வாதத்தையும் வலுவாக்குகிறது. விடியும் முன் ஒரு பெண் தன் சொந்த நிலத்தில் உரக்கப் பேசிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கிறது. கூண்டு, வேலி, பூட்டு, தெளிப்பான் என்று மாறவேண்டியவர்கள் எல்லாரும் மனிதர்களாகவே இருக்கிறார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் 219 பேர் கரடியால் தாக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு வடபகுதிக் காடுகளில் கொட்டைகள் பொய்த்தன என்பது உண்மை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு: இளைஞர்கள் வெளியேறிய கிராமங்களில் வயல்கள் புதராகிவிட்டன, முற்றத்து மரங்களில் பழங்கள் பறிப்பாரின்றித் தொங்குகின்றன. காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த வெளி மறைந்துவிட்டது. பழத்தைப் பறித்துவிடுங்கள் என்று எண்பது வயதுக்காரரிடம் சொன்னால், மரம் ஏறப்போவது யார்? கடைசியில் அந்த நாடு 2025இல் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புக்குள் நுழைந்த கரடியை அவசர நிலையில் சுட வழிசெய்யவேண்டியதாயிற்று. உணவை மறைத்துவிடுங்கள் என்ற அறிவுரை, மறைக்க ஆளும் பணமும் உள்ள ஊருக்கு மட்டுமே பொருந்தும்.

கான்மணி எழுதியது:

இந்தக் கேள்வி சரியானது, இதற்கு நான் முழுமையாக விடை வைத்திருக்கவில்லை. ஆனால் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டாத ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள துராங்கோ நகரில் 2013இல் ஆய்வாளர்கள், கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிகள் 1,110ஐ இலவசமாகக் கொடுத்தார்கள். சில பகுதிகளுக்குக் கொடுத்து, சிலவற்றைப் பழையபடியே விட்டு, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொட்டி பெற்ற பகுதிகளில், குப்பையைத் தேடி வந்த கரடிகளின் தொல்லை மற்றப் பகுதிகளைவிட 60 விழுக்காடு குறைவாக இருந்தது. தொட்டி இருந்தும் பூட்டாமல் விட்டவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கூண்டு வைக்கவும், ஆள் அனுப்பவும், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகவும் செலவாகிறதே, அந்தப் பணத்தை ஏன் வேலிக்குக் கேட்கக்கூடாது? ஜப்பானிலும் துப்பாக்கி வந்தது கடைசியில். பழம் பறிக்க ஆள் வைத்திருந்தால் எத்தனை முறை அது தேவைப்பட்டிருக்கும் என்பதுதான் என் கேள்வி.

ஓடைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மனுவில் கையெழுத்திடவில்லை, அதை எழுதியவர்களோடு இரண்டு மாலை உட்கார்ந்து பேசி, வாசகத்தை மாற்றினோம். இப்போது அதில் மூன்று கோரிக்கைகள் உள்ளன: காட்டோரத்து வீடுகளுக்கு மின்வேலிச் செலவில் பாதி, பொதுக் குப்பைத்தொட்டிக்கு உறுதியான மூடி, ஆளைத் தாக்கிய கரடியை அன்றே அகற்றும் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் ஓர் உறுதி. மூன்றாவது நேர்வழி அவர்களால் சேர்ந்தது.

பதில் வரும்வரை காத்திராமல் என் செலவில் ஐந்து கம்பி வேலி போட்டேன். முதல் வாரம் அது வேலை செய்யவில்லை. மண் காய்ந்திருந்ததால் புவியிணைப்பு (எர்த்) சரியாகப் பிடிக்கவில்லை. புவியிணைப்புக்கான இரண்டு கம்பிகளை மண்ணில் ஆழமாக இறக்கி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிய பிறகே அளவி 6,000 வோல்ட்டைக் காட்டியது. ஒன்பதாம் நாள் இரவு நாய் குரைத்தது. காலையில் வேலிக்கு வெளியே, ஈர மண்ணில், முன்கால் தடம் இரண்டு ஒன்றாக அழுந்தியிருந்தன. அதற்கு அடுத்த தடம் ஆறடிக்கு அப்பால் இருந்தது. பாய்ந்து திரும்பியிருக்கவேண்டும். நகங்கள் கிளறிய மண் என் பெட்டிப் பக்கம் சிதறிக் கிடந்தது.

நேர்வழி எழுதியது:

நல்ல செய்தி. என் கருத்து மாறவில்லை. மூக்கில் மின்னதிர்ச்சி பட்ட கரடி அடுத்த வீட்டுக்கோழிக்கூண்டுக்குப் போகாது என்று எவரும் உறுதி தரவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு வேலி இருக்கிறதா?

ஓடைக்கரை எழுதியது:

இல்லை. அவரிடம் ஆறு கோழிகள் இருக்கின்றன. தீவன மூட்டையைத் திண்ணையில் வைத்திருந்தார். மூட்டையை உள்ளே எடுத்துவைக்கச் சொன்னேன், எடுத்துவைத்தார். கோழிக்கூண்டுக்கு வேலி போட இன்னும் அவரிடம் பணமில்லை.

அந்திநேரம் எழுதியது:

வேலி போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழ்க்கம்பியைப் புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அளவி 2,000ஐக்கூடக் காட்டாது. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை வேலியின் அடியில் புல் அறுக்கவேண்டும். எங்கள் வீட்டில் வேலி போடுவதற்கு நான்கு ஆண்கள் வந்தார்கள். புல் அறுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். மனுவில் நான்காவது கோரிக்கைக்கு இடமிருந்தால், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.