துருவ இரவில் உறக்கம் பிறழ்கிறது: ஒளிவிளக்கு உதவுமா?

கேள்வி:
மேற்படிப்புக்காக ஆகஸ்டில் நார்வேயின் துரொம்சோ நகருக்கு வந்தேன். நவம்பர் 21க்குப் பிறகு சூரியனைப் பார்க்கவில்லை. மலைகளும் மறைப்பதால் ஜனவரி 21 வரை இப்படித்தான் என்கிறார்கள். குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் விடியாத விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்ணயர்ந்து, பகல் இரண்டு மணிக்கு எழும்போது வெளியே தெருவிளக்குதான் எரிகிறது. ஒளிச்சிகிச்சை விளக்கு வாங்கினால் உறக்கம் சீராகுமா? வைட்டமின் டி குறைவையும் அது ஈடுசெய்யுமா?

மறுமொழி 1:
தம்பி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் கரையோர மீன் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். இருட்டானாலும் ஆறு மணிக்குக் கத்தியைக் கையில் எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் அன்று என் உறக்கத்தைக் காத்தது; உங்களுக்கு அப்படிப் பிடித்திழுக்க யாருமில்லை. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் தெற்கே அடிவானம் சிவந்து, பனி முழுவதும் நீலமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தைத்தான் நீங்கள் தூங்கியே தொலைக்கிறீர்கள். அப்போது வெளியே நடந்துவாருங்கள், ஆனால் காலணிக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டாமல் இறங்காதீர்கள். மழை பெய்து உறைந்த பாதையில் வழுக்கி நான் மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.

மறுமொழி 2:
விளக்கு உதவக்கூடும், எழுந்தவுடன் பயன்படுத்தினால். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கை, கண்ணுக்கு நேராக வைத்து உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, அரைமணி நேரம் காலை உணவு அருந்துங்கள். மாலையில் பயன்படுத்தினால் உறக்கம் மேலும் தள்ளிப்போகும். கண் நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். வைட்டமின் டிக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஏனெனில் அதைத் தோலில் உண்டாக்கும் புறஊதாக் கதிர் இவ்விளக்குகளில் வடிகட்டப்படுகிறது. அதற்கு மீன் ஈரல் எண்ணெய்தான் இங்குள்ள வழக்கம்: பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாள்தோறும் ஒரு தேக்கரண்டி. நம் போன்ற கருநிறத் தோலினர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

மறுமொழி 3:
உறக்கம் மட்டும்தானா என்பதையும் கவனியுங்கள், நண்பரே. எதிலும் நாட்டமின்றி வாரக்கணக்கில் மனம் சோர்ந்திருந்தால், அது மனநல மருத்துவர் ரோசந்தால் குழுவினர் 1984இல் விவரித்த பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். விளக்கை மட்டும் நம்பியிராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அக்கா. நண்பகல் நடைக்கு ஒரு வகுப்புத் தோழரையும் அழைத்திருக்கிறேன். விளக்கையும் வாங்கிவிடுகிறேன்.

மறுமொழி 1:
அப்படியே தடித்த கறுப்புத் திரைச்சீலையும் வாங்குங்கள், தம்பி. மே கடைசியில் சூரியன் மறையவே மறையாது. அப்போதும் உறக்கம் வரவில்லை என்று இங்கேதான் வந்து கேட்பீர்கள்.