மன்சனாரெஸ் எல் ரெயால்: கோட்டை பார்க்கப் போய்ப் பாறையில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வாருங்கள்

பொடிநடை:

மூன்று வருடமாக மாட்ரிட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் தொலேதோ, செகோவியா என்று அழைத்துப்போய் அலுத்துவிட்டது. போன அக்டோபரில் மாமனார் வந்திருந்தார். அவருக்குக் கூட்டம் ஆகாது. சரி, மலைப்பக்கம் போவோம் என்று பிளாஸா தே காஸ்தியாவின் நிலத்தடி நிலையத்தில் 724 பேருந்து பிடித்தோம். சுமார் 50 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் மன்சனாரெஸ் எல் ரெயால் என்ற மலையடிவார ஊர்.

தப்பு என்னுடையது. போனது திங்கட்கிழமை, கோட்டை பூட்டியிருந்தது. மாமனார் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போக முடியாதது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. மதிலை இரண்டு முறை சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தார். "இதென்ன மாப்பிள்ளை, கோபுரம் பூரா லட்டு ஒட்டி வச்சிருக்கான்?" என்றார். நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. கோபுரங்களின் மேல்பகுதியில் வரிசை வரிசையாகக் கல் உருண்டைகள். வெளிமதிலில் அம்பு விடும் துளைகளுக்கு மேலே சிலுவை வேறு வெட்டியிருக்கிறார்கள். சண்டைக்குக் கட்டின ஆள் இவ்வளவு அலங்காரம் செய்வானா என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். பிறகு ஒரு சனிக்கிழமை நான் தனியாகப் போய் உள்ளே பார்த்தேன். 1475-இல் கட்டத் தொடங்கியவர் தியேகோ உர்தாதோ தே மெந்தோசா, இன்ஃபான்தாதோவின் முதல் டியூக். இவருடைய அப்பாதான் சாந்தியானா பிரபு, அந்தக் காலத்துப் பெரிய கவிஞர். தியேகோவுடைய மகன் காலத்தில் ஹுவான் குவாஸ் என்ற கட்டடக் கலைஞர் வந்து அலங்காரத்தையும் தெற்குப் பக்கத்து மாடத்தையும் முடித்துக் கொடுத்தார். அந்த மாடத்தில் நின்றால் கீழே சாந்தியானா நீர்த்தேக்கம் முழுதாகத் தெரிகிறது. இந்த மலையடிவாரத்துக் காடும் மேய்ச்சல் நிலமும் யாருக்கு என்று செகோவியாவும் மாட்ரிட்டும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கின்றன. கடைசியில் 1383-இல் அரசர் முதலாம் ஹுவான் அதை மெந்தோசா குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தச் செல்வாக்கை ஊருக்குக் காட்டக் கட்டின மாளிகைதான் இது. இத்தனை செய்தும் நூறு வருடம்கூட ஒழுங்காகக் குடியிருக்கவில்லை. நான்காம் டியூக் 1566-இல் இறந்தபின் வாரிசு வழக்கு, அப்புறம் பாழ். கடைசியில் இருபதாம் நூற்றாண்டில்தான் பழுது பார்த்திருக்கிறார்கள்.

மறுபடி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கோட்டையைச் சுற்றும்போதே மாமனாரின் கண் பின்னால் இருந்த மலைமேல்தான் இருந்தது. லா பெத்ரீஸா. நாம் கருங்கல் என்கிறோம், ஆனால் இங்கே கல்லில் கருப்பே இல்லை. காலையில் சாம்பல், சாயங்காலம் பழுத்த கொய்யாவின் உள்நிறம். எல் ட்ராங்கோ என்கிற ஊர்க்கோடி வரை நடந்து, அங்கிருந்து ஆற்றோரமாக மேலே போனோம். மாட்ரிட் நகருக்குள் அடக்கமாக ஓடும் அதே மன்சனாரெஸ் ஆறு, இங்கே பாறைக்குப் பாறை குதிக்கிறது. அவர் செஞ்சிப் பக்கத்து ஆள், கல்லைக் கண்டால் கை வைக்காமல் இருக்க முடியாது. ஒரு பாறையைத் தேய்த்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினார், சோளரவை மாதிரி மணல்.

அந்த மணலில்தான் இந்த மலையின் கதை இருக்கிறது. ஏறக்குறைய 30 கோடி வருடம் முன்பு பூமிக்கடியில் இறுகிய கல் இது. மேலே இருந்த மண் கரையக் கரைய, பாரம் குறைந்து வெடிப்பு விட்டது. வெடிப்பில் தண்ணீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்தது. சதுரமாக இருந்ததெல்லாம் உருண்டையானது. உளுத்த மணலை மழை அடித்துக்கொண்டு போக, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று ஆமை, ஒன்று பறவை, பெயரும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் இரண்டு மணி நேரம் நடந்து திரும்பிவிட்டோம். மலைக்கு உள்ளே போனவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நிலக்கடலை:

நான் உள்ளே போனேன் அண்ணா. வெளியே வந்ததுதான் கதை.

மாட்ரிட்டில் முதுகலை படித்த வருடம், நவம்பர். தோழிகள் வரவில்லை, தனியாகக் கிளம்பினேன். ஊரிலிருந்து, மலைக்குள் வண்டிகள் நிறுத்தும் இடமான கான்டோ கோச்சினோ வரை நடந்து, அங்கே மரப்பாலம் தாண்டி, எல்லாரும் 'ஆட்டோபிஸ்தா' என்று கிண்டலாகச் சொல்லும் அகலப் பாதையில் ஹினேர் தே லோஸ் ரியோஸ் மலைக்குடிலுக்குப் போனேன். நெடுஞ்சாலை என்று பெயர் வைத்ததற்குக் குறையில்லை, குழந்தைகள்கூட நடக்கிறார்கள். அதற்கு மேலே எல் தோல்மோ. வீட்டைவிடப் பெரிய ஒற்றைப் பாறை, புல்வெளியில் யாரோ வைத்துவிட்டு மறந்துபோனது மாதிரி. அங்கே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். பிறகு தெஹேசியா கணவாய். இதுவரை எல்லாம் சுகம்.

கணவாயிலிருந்து எல் யெல்மோ என்ற பெரிய பாறைச் சிகரத்தை நோக்கித் திரும்பும் பாதையில் வெள்ளை-மஞ்சள் கோடு பூசியிருப்பார்கள். அதைத்தான் பின்பற்ற வேண்டும். நான் கல்லடுக்குகளைப் பின்பற்றினேன். மூன்று நான்கு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வழி காட்டுவார்களே, அது. பிறகுதான் தெரிந்தது, அதில் பாதி பாறை ஏறுகிறவர்கள் தங்கள் கயிற்றுப் பாதையின் அடிவாரத்துக்குப் போக வைத்தவை. அதாவது என்னை மிக ஒழுங்காக, அடையாளம் வைத்து, ஒரு சுவரின் காலடியில் கொண்டுபோய் விட்டன.

திரும்பி வந்தால் எல்லாப் பாறையும் ஒரே முகம். குறுக்கே இறங்கலாம் என்று புகுந்தது ஹாரா புதருக்குள். ஆளுயரச் செடி, இலையெல்லாம் பிசின். முடி, சட்டை, கைப்பேசித் திரை எல்லாம் ஒட்டியது. கீழே ஊரும் நீர்த்தேக்கமும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் தெரிகின்றன. அதுதான் வயிற்றைப் புரட்டியது. தெரிகிறது, ஆனால் நடுவில் இருபது அடி வழுக்குப்பாறை. அந்த மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். கைப்பேசியில் 14 சதவீதம். 112-க்கு அடிக்கலாமா என்று எண்களை அழுத்திவிட்டு, வெட்கப்பட்டு வைத்தேன். (வெட்கப்படக் கூடாது. இப்போது சொல்கிறேன்.)

அப்போது மேலே இரும்புக் கொக்கிகள் உரசும் சத்தம். கயிறு சுற்றிக்கொண்டு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். என் அம்மா வயதுப் பெண் ஒருவர், கூட ஒரு தாத்தா. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "த்ராங்கிலா, த்ராங்கிலா" (பதறாதே) என்று இரண்டு முறை சொல்லித் தன் நெற்றி விளக்கைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். ஒரு மணி நேரம் அவர் காலடியில் காலடி வைத்து இறங்கினேன். நான் அழுதுகொண்டே வந்ததை அவர் கவனிக்காத மாதிரி, வழி நெடுக ஒவ்வொரு பாறையின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பெயர்கூட நினைவில்லை.

பொடிநடை:

படிக்கும்போதே கை வியர்த்தது தங்கச்சி. மாமனாரைக் கணவாய் வரை கூட்டிப்போகும் யோசனையை இப்போதே கைவிட்டேன்.

கல்யானை:

நிலக்கடலையைக் கொண்டுபோய் விட்ட கல்லடுக்குகளில் ஒன்றிரண்டு நான் வைத்ததாகவும் இருக்கலாம். மன்னிக்கவும்.

பெங்களூரில் பாறை ஏறப் பழகியவன் நான். கைப்பிடி இருக்கும், விரல் நுழைக்க வெடிப்பு இருக்கும் என்று நம்பி பெத்ரீஸாவுக்குப் போனேன். இங்கே ஒன்றும் கிடையாது. மொட்டைச் சரிவு. 'அதெரென்சியா' என்பார்கள், ஒட்டுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலணியின் ரப்பரும் கல்லின் சொரசொரப்பும் உராய்வதை மட்டும் நம்பி, கையைச் சும்மா பாறையில் வைத்துக்கொண்டு நடந்து ஏற வேண்டும். குதிகாலைத் தாழ்த்தினால் நிற்கும். பயந்து உடம்பைப் பாறையோடு சேர்த்து அணைத்தால் வழுக்கும். மூளை சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். இதில் பழைய தடங்களில் ஆணிகள் வேறு வெகு தூரத்துக்கு ஒன்று. அடுத்த ஆணி கண்ணுக்குத் தெரியும், கால் நடுங்கும். அங்கே ஒருவர் என்னிடம் சொன்ன யோசனை: "மேலே பார்க்காதே, கீழேயும் பார்க்காதே, பெருவிரலைப் பார்."

எல் யெல்மோ உச்சிக்கு (1,700 மீட்டருக்குச் சற்று மேல்) வடக்குப் பக்கம் ஒரு குறுகிய பிளவு வழியாக ஏறலாம், பெயர் வாலென்தீனா. கயிறுக்காரர்களுக்கு அது சுலபம்தான், ஆனால் நடைபயணிகள் ஏற வேண்டாம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கஷ்டம் புரியும். நான் முதுகுப்பையோடு நுழைந்து பாட்டிலில் தக்கை மாதிரி சிக்கிக்கொண்டேன். பின்னால் ஆறு பேர் வரிசை. ஒரு சின்னப் பையன் கீழிருந்து பையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

மேலே உட்கார்ந்தபோது கழுகுகள் எங்களுக்குக் கீழே பறந்தன. பெரிய பிணந்தின்னிக் கழுகுகள். முதுகைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல்தடவை. அவை கூடு கட்டும் பருவத்தில் சில பாறைகளில் ஏறத் தடை உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

வெயில்குடி:

ஆகஸ்ட் மாதம் போனவன் என்ற முறையில் சுருக்கமாக. காரில் போகிறீர்களா, விடியற்காலையில் போங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கு மேல் மலைக்குள் போகும் சாலைத் தடுப்பைத் திறக்க மாட்டார்கள். நாங்கள் ஒன்பதரைக்குப் போய்த் திரும்பினோம். ஊரில் வண்டியை விட்டு நடந்தோம். நிழல் குறைவு, பாறை அடுப்புக்கல். சார்கா வெர்தே என்று பச்சைத் தண்ணீர்க் குளம் ஒன்று வழியில் இருக்கிறது, அதில் குளிக்கத் தடை. அந்த வெயிலில் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பதைத் தண்டனை என்றே சொல்வேன்.

டிகிரி காபி:

நாங்கள் வயதானவர்கள், மகள் வீட்டுக்கு வந்திருந்தோம். ஏறுவதெல்லாம் நமக்கில்லை. சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் பசி என்று உணவகத்தில் உட்கார்ந்தோம். சமையலறை ஒன்றரைக்குத்தான் திறக்குமாம். அதுவரை காபி. (பால் அதிகம், டிகாக்‌ஷன் பரவாயில்லை.) பிறகு அவரை விதைக் குழம்பு கேட்டோம். மொச்சையைவிடப் பெரிய வெள்ளை விதை, வெண்ணெயாக வெந்திருக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். "இறைச்சி இல்லாமல்" என்று அவள் தெளிவாகச் சொன்னாள். வந்த குழம்பில் சிவப்பாகத் தொத்திறைச்சித் துண்டு மிதந்தது. காட்டியதும் பரிமாறிய பையன் அதை மட்டும் கரண்டியால் எடுத்துவிட்டு, இப்போது சரியா என்பது போலச் சிரித்தான். கோபமே வரவில்லை எனக்கு. முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட தோர்தியா இருந்தது, முட்டை சாப்பிடுவோம், பிழைத்தோம். சுத்த சைவக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் புளிசாதத்துக்கும் ஓர் எச்சரிக்கை. மறுமுறை போனபோது ஆற்றோரம் பாறையில் பொட்டலம் பிரித்தோம். பேத்தி "தாத்தா, ஆடு" என்றாள். திரும்பினால் மூன்றடி தள்ளி மலையாடு. கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம், பின்னால் வளைந்து முறுக்கிக்கொண்டு. இந்த மலையில் அற்றுப்போன இனத்தை 1990 வாக்கில் வேறு மலைகளிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். இப்போது பெருத்துப்போய், செடிகொடி மிஞ்சவில்லை என்கிற கவலை. மனிதரைக் கண்டு ஓடுவதாகத் தெரியவில்லை. உணவு போடக் கூடாது என்பதால் பொட்டலத்தை மூடினேன். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். என் மனைவி "எழுந்திருங்கோ, இடத்தை விட்டுக் கொடுத்துடுங்கோ" என்றாள். எழுந்தோம். அது நாங்கள் உட்கார்ந்திருந்த சூடான பாறையில் ஏறிப் படுத்துக்கொண்டது.

புதுவரவு:

எல்லாரும் எழுதியதைப் படித்து நாளைக்கே 724 ஏறலாம் என்று முடிவு செய்துவிட்டோம். கோட்டை முதலில், பாறை அப்புறம். ஒரு சந்தேகம், நாளை திங்கட்கிழமைதானே?

பொடிநடை:

ஆமாம், திங்கள்தான். லட்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு எல் ட்ராங்கோவுக்கு நடங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச்.