மாடித் தொட்டியருகே விழுந்த மஞ்சள் கரை வண்டு: இது என்ன இனம்?

அல்லித்தொட்டி கேட்டது:

வணக்கம். ஊர் மன்னார்குடிப் பக்கம். மொட்டை மாடியில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்றில் அல்லி வைத்து, கொசுப்புழுவுக்காக இருபது கப்பி மீன் விட்டிருக்கிறேன். போன வாரம் மழை விட்ட ராத்திரி, மாடி விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வண்டு டப்பென்று ஈரத் தார்ப்பாய் மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே படகு தரைதட்டின மாதிரி கிடந்து பின்னங்காலை உதறியதே தவிர, ஒழுங்காக நடக்க வரவில்லை.

ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டிருக்கிறேன். ஸ்கேலில் 26 மில்லிமீட்டர். மேலே கரும்பச்சை, ஈரத்தில் எண்ணெய் தடவிய மாதிரி மினுக்குகிறது. இரண்டு ஓரத்திலும் வேட்டிக்கரை போல மஞ்சள் கோடு. கையில் பிடித்தபோது கழுத்துப் பக்கமிருந்து பால் மாதிரி ஏதோ கசிந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த நாற்றம் ராத்திரி முழுக்க விரலில் இருந்தது.

போனில் படம் போட்டுத் தேடினால் ஒரு தரம் ஐரோப்பிய வண்டு என்கிறது, இன்னொரு தரம் கரப்பான் என்கிறது. இது என்ன? தொட்டியில் விட்டால் கப்பியைத் தின்றுவிடுமா?

ஏரிக்கரை:

எங்கள் பக்கம் தண்ணி வண்டு என்போம். நாற்றங்காலில் தண்ணீர் கட்டினால் நிறைய வரும். ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்.

பெட்டிவண்டு:

தம்பி, முப்பத்திரண்டு வருஷம் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்தவன் நான். வண்டின் வலது சிறகுறையில், அதாவது முதுகை மூடும் கெட்டியான மேல்சிறகில், ஊசி குத்தி, கீழே அட்டை எழுதிச் செருகியதுதான் என் படிப்பு. அதை வைத்துச் சொல்கிறேன், சரியா?

சேர்ந்த புதிதில், குளத்திலிருந்து வந்த பன்னிரண்டு பெரிய கறுப்பு வண்டுகளையும் டைட்டிசிடே பெட்டியில் குத்தி வைத்துவிட்டேன். டைட்டிசிடே என்றால் மூழ்கி வேட்டையாடும் நீர்வண்டுக் குடும்பம், உலகத்தில் 4,000க்கு மேல் இனங்கள். பேராசிரியர் வந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு வண்டைப் பிடுங்கி, மல்லாக்கக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அடியில் நெஞ்சு நடுவே ஈட்டி மாதிரி ஒரு முள் பின்பக்கமாக நீண்டிருந்தது. அதாவது பன்னிரண்டும் ஹைட்ரோஃபிலிடே, அழுகலும் பாசியும் மேய்கிற வேறு குடும்பம். அன்றிலிருந்து எந்த நீர்வண்டு வந்தாலும் முதலில் கவிழ்த்துவிடுவேன். உங்கள் படம் எல்லாமே முதுகுப் பக்கம். போன் குழம்பியதில் ஆச்சரியமில்லை.

பாட்டிலிலேயே பாருங்கள். நீந்தும்போது பின்னங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் துடுப்புப் போடுகிறதா, மாற்றி மாற்றியா? சேர்ந்தடித்தால் டைட்டிசிடே. மூச்சு வாங்க மேலே வரும்போது வாலை நீட்டுகிறதா, தலையையா? வால் என்றால் நம் ஆள்தான். காற்றைச் சிறகுறைக்கு அடியில், முதுகில் அடக்கிக்கொண்டு இறங்கும். மூச்சுத் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. மற்றது தலையைத் தூக்கி உணர்கொம்பால் காற்றை இழுத்து வயிற்றடியில் வைத்துக்கொள்ளும், அதனால் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும்.

அப்புறம் கவிழ்த்துப் பாருங்கள். பின்னங்காலின் அடிப்பகுதி தனிக் கால் மாதிரியே இருக்காது, பெரிய தகடாகி மார்போடு ஒட்டிப்போயிருக்கும். காலால் முன்னும் பின்னும் வீச முடியுமே தவிர உடம்பைத் தூக்கி நிற்க முடியாது. தார்ப்பாயில் நடக்க வராததற்குக் காரணம் அந்தத் தகடுதான்.

நீங்கள் சொன்ன அளவும் மஞ்சள் கரையும் சைபிஸ்டர் டிரைபங்டேட்டஸ் என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. நடுவுக்குச் சற்றுப் பின்னால்தான் உடம்பு அதிக அகலமாக இருக்க வேண்டும், முட்டையின் பெரிய பக்கம் பின்னால் வந்த மாதிரி. மேலுதடும் அதற்கு மேலுள்ள நெற்றி விளிம்பும் மஞ்சள். கரையே இல்லாமல் முழுக் கறுப்பு என்றால் சைபிஸ்டர் சுஜில்லேட்டஸைப் பார்க்க வேண்டும். கரை இருந்து 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் சைபிஸ்டர் லிம்பேட்டஸ். டிரைபங்டேட்டஸ் என்றால் மூன்று புள்ளி உடையது, ஆனால் பெயரைப் பார்த்து மூன்று புள்ளி தேடாதீர்கள். நானும் தேடியிருக்கிறேன், சிறகுறையில் ஊசிமுனைக் குழிகள் வரிசையாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆணா பெண்ணா என்பதற்கு முன்னங்காலைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அதில் முதல் மூன்று கணுக்கள் சேர்ந்து அகன்று, ஓவல் தட்டு மாதிரி இருக்கும். லென்ஸில் பார்த்தால் தட்டின் அடியில் வரிசை வரிசையாகக் குட்டி உறிஞ்சிகள். பெண்ணின் வழவழ முதுகைத் தண்ணீருக்குள் பிடிக்க அதுதான் உதவி.

பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எனக்கு ஆசை. ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர் 1795இல் டைட்டிஸ்கஸ் டிரைபங்டேட்டஸ் என்று எழுதினார். 1798இல் ஃபேப்ரிசியஸ் டைட்டிஸ்கஸ் லேட்டராலிஸ் என்று ஒன்றை எழுதினார். லேட்டராலிஸ் என்றால் பக்கவாட்டைச் சேர்ந்தது. இந்த ஃபேப்ரிசியஸ் லின்னேயஸின் மாணவர். அவர் பெயர் வைத்த இந்தியப் பூச்சிகளில் எத்தனையோ தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் அனுப்பியவை. சைபிஸ்டர் என்ற பேரினத்தை கர்ட்டிஸ் 1827இல் பிரித்தார். 1882இல் டேவிட் ஷார்ப் ஆசிய வண்டுகளுக்கு ஏஷியாட்டிகஸ் என்று பெயர் கொடுத்தார். எங்கள் பழைய அட்டைகளில் எல்லாம் ஏஷியாட்டிகஸ்தான், என் கையெழுத்திலேயே. இப்போது நம் பக்கத்து வண்டை டிரைபங்டேட்டஸ் இனத்தின் லேட்டராலிஸ் துணையினம் என்று எழுதுகிறார்கள். மேலே உள்ள வகைப்பாடும் மாறிவிட்டது: டைட்டிசிடே குடும்பத்தின் டைட்டிசினே என்ற உட்குடும்பத்துக்குள் ஒரு கிளையாக இருந்த சைபிஸ்டர் கூட்டத்தை, 2014இல் மில்லரும் பெர்க்ஸ்டனும் சைபிஸ்ட்ரினே என்று தனி உட்குடும்பமாக வைத்தார்கள். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் முழு உறுதி. அதற்காக உயிரோடிருப்பதைக் கொல்ல வேண்டாம்.

அல்லித்தொட்டி:

ஐயா, கண்ணாடித் தட்டில் மல்லாக்கப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சில் முள் இல்லை. பின்னங்கால் தகடு நீங்கள் சொன்னபடியே, வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. நீந்தும்போது இரண்டு காலும் சேர்ந்துதான் அடிக்கிறது, காற்றுக்கு வால்தான் மேலே வருகிறது. மூக்குப் பக்கம் மஞ்சள். முன்னங்காலில் தட்டு இருக்கிறது! ஈரமான கண்ணாடியில் அதை வைத்து ஒட்டிக்கொண்டது, எடுக்கும்போது லேசாக இழுத்தது. ஆண்தானே? கப்பி விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

பெட்டிவண்டு:

ஆண்தான். பின்னங்கால் நுனியில் ஒற்றை நகம் இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள்.

இந்த ஆண் ஒன்றால் தொட்டி காலியாகாது. நோஞ்சான் மீனையும் செத்ததையும் தின்னும். பயப்பட வேண்டியது பெண் வந்து அல்லித் தண்டில் முட்டை வைத்துவிட்டுப் போனால்தான். புழுவுக்கு அரிவாள் மாதிரி இரண்டு தாடை, உள்ளே குழல். இரையில் குத்தி, செரிக்கிற சாற்றை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சும். இங்கிலீஷில் அதைத் தண்ணீர்ப் புலி என்பார்கள். ஜப்பானில் இதே இனத்தின் புழுக்களை வளர்த்துப் பார்த்தபோது தலைப்பிரட்டையைவிடத் தட்டான் குஞ்சுகளைத்தான் அதிகம் விரும்பின. ஆனாலும் கப்பிக் குஞ்சை நம்பி விடாதீர்கள். அந்த ஊரில் இது அருகிவரும் பட்டியலில் இருக்கிறது. நமக்கோ மழை ராத்திரியில் தெருவிளக்கடியில் மிதிபடுகிறது.

குஞ்சுமீன்:

நாற்றங்கால் குளத்தில் மீன்குஞ்சு வளர்ப்பவன் நான், எனக்கு இது எதிரி. பொரிகுஞ்சு விடுவதற்கு ஒரு நாள் முன்னால் ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்துத் தண்ணீர் மேல் தெளிப்போம். காற்று வாங்க மேலே வருகிற பூச்சியெல்லாம் அந்தப் படலத்தில் மூச்சு முட்டிச் சாகும். வாலை நீட்டி மூச்சு வாங்கும் என்று பெரியவர் சொன்னதும்தான் அது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்தது. உங்கள் தொட்டிக்கு அதெல்லாம் வேண்டாம், ராத்திரி மாடி விளக்கை அணைத்தாலே போதும்.

அல்லித்தொட்டி:

விளக்கை அணைத்துவிட்டேன். நேற்று சாயங்காலம் பாட்டிலைக் குளத்துக்கு எடுத்துப்போகலாம் என்று மூடியைத் திறந்து, தண்ணீரைக் கவிழ்த்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். இரண்டு நிமிஷம் அசையாமல் இருந்தது. அப்புறம் சிறகுறையைத் தூக்கி, ஒரு சின்ன மோட்டார் மாதிரி சத்தத்தோடு கிளம்பித் தெற்குப் பக்கம் போய்விட்டது. பின்னங்கால் நகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன் ஐயா.